பையன் வாரக்கடைசி என்கிட்ட தான் இருக்கான், கோர்ட்ல அதை எப்படி காட்டுறது?

கேள்வி: வணக்கம் மேடம். நான் ஓசூர்ல கம்பெனி வேலை. மனைவி பிரிஞ்சு காவேரிப்பட்டணத்துல அவங்க அம்மா வீட்ல இருக்காங்க, அவங்களும் வேலைக்கு போறாங்க. பையன் ரெண்டாவது படிக்கிறான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கூட்டிட்டு வந்தா ஞாயித்துக்கிழமை ராத்திரி தான் கொண்டுபோய் விடுவேன், பரீட்சை லீவுல பாதி என்கிட்ட தான். இப்ப ஜீவனாம்சம் கேட்டு கேஸ் போட்டு, அப்பன் பிள்ளைய எட்டிக்கூட பாக்குறதில்லன்னு பெட்டிஷன்ல எழுதியிருக்காங்க. எழுதிவெச்ச ஒப்பந்தம் எதுவும் இல்ல. என்ன பண்றது?
- ஓசூர் வாசகர்

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. பிள்ளை அப்பாகிட்ட எத்தனை ராத்திரி தங்குதுன்னு எண்ணி அதுக்கேத்த மாதிரி தொகைய குறைக்கிற கணக்கு சில வெளிநாட்டுல உண்டு, நம்ம சட்டத்துல அப்படி அட்டவணையே கிடையாது. ஜீவனாம்சத்துக்கு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 125 தான், 2024 ஜூலைல இருந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல பிரிவு 144ன்னு வருது, அதுல பாக்குறது பிள்ளைக்கு என்ன தேவை, யாருக்கு எவ்ளோ வசதின்னு தான். அதனால ரெண்டு நாள் என்கிட்ட இருக்கான், பணம் தரமாட்டேன்னு மட்டும் போய் நிக்காதீங்க. அம்மாவும் சம்பாதிச்சா அவங்களுக்கும் பங்கு உண்டு, 2000ல பத்மஜா சர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் அப்பாவுக்கு ரெண்டு பங்கு அம்மாவுக்கு ஒரு பங்குன்னு பிரிச்சுது.

இப்ப ஆதாரம். செல்பி நூறு காட்டினாலும், ஒரே நாள்ல சட்டை மாத்தி எடுத்ததுன்னு எதிர் வக்கீல் சொல்லிட்டு போயிடுவார். கேஸ் வரும்னு தெரியாதப்ப அடுத்தவங்க எழுதிவெச்ச பேப்பருக்கு தான் வெயிட். ஸ்கூல் டைரில திங்கக்கிழமை காட்ட வேண்டிய ஹோம்ஒர்க்குக்கு கீழ உங்க கையெழுத்து, பேரண்ட்ஸ் மீட்டிங் ரிஜிஸ்டர், சனிக்கிழமை ஜுரம்னு ஓசூர் டாக்டர்கிட்ட காட்டின சீட்டு, அதுல தேதியும் பையன் பேரும் இருக்கும் பாருங்க, அது தங்கம். கார்ல போனீங்கன்னா கிருஷ்ணகிரி டோல்கேட்ல வெள்ளியும் ஞாயிறும் பாஸ்டேக் காசு புடிச்ச ஸ்டேட்மென்ட்டையும் எடுங்க, ஆனா அது வண்டி போச்சுன்னு தான் சொல்லும், உள்ள பையன் இருந்தான்னு சொல்லாது, அதனால அதே நாள் வாட்ஸ்அப்ல “கிளம்பிட்டீங்களா, ஸ்வெட்டர் வெச்சிருக்கேன்”னு உங்க மனைவி போட்ட மெசேஜோட சேத்து வைங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா மறுக்கிறது கஷ்டம்.

வெறும் ஸ்கிரீன்ஷாட் பத்தாது. புது சாட்சியச் சட்டம் பிரிவு 63ல, இது எந்த போன்ல இருந்து எப்படி எடுத்ததுன்னு ஒரு சர்டிபிகேட் கேக்குறாங்க, வக்கீல்கிட்ட சொல்லி அதையும் போடுங்க, போனை எக்சேஞ்சுல குடுத்துடாதீங்க. குடும்ப நீதிமன்றச் சட்டம் பிரிவு 14, ஆதாரத்தை ஏத்துக்கிறதுல கொஞ்சம் தாராளம் தான், இருந்தாலும் அதை நம்பி சும்மா இருக்காதீங்க.

2020ல சுப்ரீம் கோர்ட் குடுத்த ரஜ்னேஷ் நேஹா தீர்ப்புக்கப்புறம் ரெண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாம் அபிடவிட்ல, அதாவது பிரமாணப் பத்திரத்துல போடணும். நீங்க கட்டுற பீஸ், மருந்து, ஷூ எல்லாத்தையும் பில்லோட அங்க தான் காட்டணும். கையில குடுத்த காசுக்கு கணக்கு இல்ல, இனிமே பேங்க் வழியா மட்டும் போடுங்க. இடைக்கால உத்தரவு வந்துட்டா கட்டிடுங்க, பாக்கி வெச்சா மாசத்துக்கு ஒரு மாசம் வரைக்கும் ஜெயில் போடலாம்.

பையனுக்கு மட்டும் எதுவும் சொல்லிக்குடுக்காதீங்க. ஜட்ஜ் சேம்பர்ல கூப்பிட்டு பேசினா சொல்லிக்குடுத்தது ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். சமரசப் பேச்சுக்கு அனுப்பினா தட்டிக்கழிக்காம போங்க, வெள்ளி எத்தனை மணிக்கு கூட்டறது, தீபாவளி பொங்கல் யார்கிட்ட, பீஸ் யாரு, எல்லாம் ஜாயின்ட் மெமோல, அதாவது கோர்ட்ல சேந்து குடுக்கிற ஒப்பந்தக் கடிதத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டா அடுத்த வாய்தாவுக்கு இந்த சாட்சி வேட்டையே பாதி தேவைப்படாது.