வைஃபையில் 200 எம்பிபிஎஸ் வருகிறது. லேன் கேபிளில் ஏன் 94ஐத் தாண்டுவதில்லை?

தங்கச்சிமடத்தில் இணையச் சேவை மையம் நடத்தும் நீங்கள், ரவுட்டருக்கு அருகே கைபேசியில் 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்னும் வேக அளவு) முழுமையாகக் கிடைத்தாலும் கேபிளில் இணைந்த கணினியில் வேகம் 94க்கு மேல் ஏறுவதில்லை என்றும், ஆறு மாதங்களுக்கு முன்பு இதே கேபிளில் முழு வேகம் வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேபிள் முழுவதையும் கேட் 6 வகைக்கு மாற்ற வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் பல ஆண்டுகளாகக் கடைகளுக்கு லேன் கேபிள் இழுத்துக் கொடுப்பவன் என்ற முறையில், வேண்டியதில்லை என்றே சொல்வேன். பழுது எங்கே இருக்கிறது என்பதை அந்த 94 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ் ஈத்தர்நெட்டுக்கு, அதாவது லேன் கேபிள்வழி இணைப்புக்கு, நுனியில் உள்ள எட்டுப் பின்களில் (உலோகத் தொடுமுனைகளில்) 1, 2, 3, 6 ஆகியவற்றில் அமரும் இரண்டு ஜோடிகளே போதும். அதற்கு அடுத்த படியான 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி தொடர்பிழந்தாலும், பெரும்பாலான கருவிகள் இணைப்பை விட்டுவிடாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். தரவு சிறு பொட்டலங்களாகத்தான் போகும்; அந்த ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி முதலிய தகவல்கள் பிடித்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால், அந்த நூறில் நமக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 94தான். கணினியில் ஈத்தர்நெட் நிலையைத் திறந்து, வேகம் என்ற வரியில் 100 எம்பிபிஎஸ் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இணைப்பு தந்த நிறுவனத்தோடு சண்டை போடுவதில் பயனில்லை.

தொடர்பு ஏன் போகிறது என்பதற்கு நம் ஊரில் நீண்ட விளக்கம் தேவையில்லை. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தை அரித்த அதே காற்றுதான் உங்கள் மேசைக்கடியிலும் வீசுகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்த்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். அடுப்படியில் கல்லுப்புச் சாடிக்கு நேர்வதே கேபிள் நுனியில் இருக்கும் செருகியான ஆர்ஜே45 கனெக்டரின் மெல்லிய தங்கப் பூச்சுக்கு மேலும் நேர்கிறது. பூச்சு தேய்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. ஆகவே நடுக் கேபிளைச் சந்தேகிக்கும் முன் இரண்டு நுனிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

நுனிகளை வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போடும்போது கம்பிகளின் வரிசையில் கவனம் வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், இரண்டு பக்கமும் ஒரே வரிசையாக இருந்தால் போதும் என்று எண்ணி, ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு ஜோடிகளை அடுத்தடுத்து வைத்து ஒரு படகு உதிரிபாகக் கடைக்கு நாற்பது மீட்டர் இழுத்தேன். கம்பிகளைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன. கணினியிலோ இணைப்பு நிமிடத்துக்கொரு முறை அறுந்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, விளக்கு எரிந்தால் கம்பி அறவில்லை என்றுதான் பொருள், ஜோடி சரி என்று பொருளில்லை" என்றார். 3, 6 ஆகிய பின்கள் ஒரே ஜோடியின் இரு கம்பிகளாக இருக்க வேண்டும். நான் பச்சையில் ஒன்றையும் நீலத்தில் ஒன்றையும் அங்கே அமர்த்தியிருந்தேன். ஒன்றாக முறுக்கிய இரு கம்பிகளிலும் வெளி இரைச்சல் சமமாகப் படிந்து கழிந்துவிடும் என்பதே முறுக்கின் பயன். 1881இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற உத்தி அது. ஜோடியைப் பிரித்தால் அந்தப் பயன் போய்விடுகிறது. சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

வெட்டிய நுனியில் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அப்படியானால் மட்டும் கேபிளையே மாற்றுங்கள், ஏனெனில் செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் விரைவாக அரிபடும். மாற்றும்போதும் கேட் 6தான் வேண்டுமென்பதில்லை. முழுச் செம்பில் செய்த கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும், உங்கள் கடைக்கோ இருபது மீட்டர் கூட ஆகாது. வெளிச்சுவர் வழியாக வருகிறதென்றால், துளைக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு மேலேற்றுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

முதலில் ரவுட்டரிலிருந்து ஸ்விட்ச்சுக்கு (பல கணினிகளுக்கு இணைப்பைப் பிரித்துத் தரும் பெட்டிக்கு) போகும் பேட்ச் கார்டு என்ற குட்டைக் கேபிளை மட்டும் மாற்றிவிட்டு வேகத்தைப் பாருங்கள். நான் பார்த்த கடைகளில் பாதிக்கு மேல் பழுது அங்கேதான் இருந்தது.