மாடி வீட்டில் இரண்டு இரவுகள்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 39. வேளச்சேரியில் தரைத்தள வாடகை வீட்டில் கணவர், மாமியார், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஆகியோருடன் வசிக்கிறேன். 2023 டிசம்பர் 2ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, அம்பாசமுத்திரத்தை அடுத்த ஊரில் என் கணவரின் பெரியப்பா காலமாகிவிட்டதாகத் தகவல் வந்தது. மாமியாருக்கு மூட்டுவலி, மகளுக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எனவே இருவரையும் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் இரவுப் பேருந்தில் கிளம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அடக்கம் முடிந்தது. முதுகுவலியால் நான் நாற்காலியில் அமர்ந்திருந்ததைப் பார்த்து, "துட்டிக்கு வந்தாளா, கல்யாணத்துக்கு வந்தாளா?" என்று நாத்தனார் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். என் கணவர் அருகில்தான் நின்றார், வாய் திறக்கவில்லை. சென்னையில் மிக்ஜாம் புயல் மழை தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும் அன்று இரவே கிளம்பலாம் என்று கெஞ்சினேன். "காடாற்று முடியாமல் எப்படிக் கிளம்புவது?" என்றார். திங்கட்கிழமை அதிகாலையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கைப்பேசித் தொடர்பும் அறுந்துபோனது. செங்கல்பட்டில் ஓர் இரவு தவித்துக் கிடந்து, புதன்கிழமை மதியம்தான் வீடு வந்து சேர்ந்தோம். மாமியாரும் மகளும் மாடி வீட்டு அம்மாளிடம் பத்திரமாக இருந்தார்கள்.

குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் போயிற்று. பத்திரங்களைப் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தது என் குற்றம் என்று அவர் ஆரம்பித்தார். ஞாயிறே கிளம்பியிருந்தால் எடுத்து வைத்திருப்பேன் என்று நான் சொன்னேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு, இரவு பத்து மணி வரை சண்டை. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. மகளும் பொறுப்பில்லாமல் தன் பாடப் புத்தகங்களை நனையவிட்டிருந்தாள். ஆச்சியின் மாத்திரை டப்பா, கேஸ் புத்தகம், என் கூறைப்புடவை ஆகியவை மட்டும் பீரோவின் மேல் இருந்தன. தேர்வு நேரத்தில் இப்படியா என்று அவளையும் திட்டினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் மட்டும் போய் வந்தார். நான் வராததையும் நாத்தனார் குறையாகச் சொல்லியிருக்கிறார். வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் வாங்க டோக்கனுடன் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது, மாடி வீட்டு அம்மாள், "பாப்பாவுக்கு எப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்ட பிறகுதான், வெள்ளத்தன்றே மகள் பெரியவளாகிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஏனடி சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க, முடியட்டும்னு இருந்தேன்" என்றாள். தீட்டு கழியும்வரை வாய் திறக்காதே என்று மாமியாரும் சொல்லி வைத்திருக்கிறார். அது இருக்கட்டும். இப்போது நாத்தனார், சடங்கை மறைத்துவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்கிறார். சித்திரையில் பெரிதாகச் செய்து அவர் வாயை அடைக்க நினைக்கிறேன். கணவர் பணம் இல்லை என்கிறார். அவருக்கு என் வேதனையை எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

துட்டி வீட்டில் பலர் முன்னிலையில் கேட்ட அந்தச் சொல் சுடும். உங்கள் கணவர் அங்கேயே ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். ஆனால் "ஞாயிறே கிளம்பியிருந்தால்" என்ற வழக்கை நீங்கள் கைவிடுவது நல்லது. அன்று இரவு கிளம்பியிருந்தாலும், திங்கட்கிழமை ரயில்கள் ரத்தாகி, விமான நிலையமும் மூடப்பட்ட சென்னைக்கு வெளியே எங்கோ ஒரு சாலையோரத்தில்தான் நின்றிருப்பீர்கள். புயல் செவ்வாய்க்கிழமைதான் ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அதற்குள் உங்கள் பகுதி மூழ்கிவிட்டது.

"அது இருக்கட்டும்" என்று நீங்கள் தள்ளி வைத்த இடத்திலிருந்து என்னால் நகர முடியவில்லை. உங்கள் கடிதத்தில் மகள் பேசுவது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் நாத்தனாரின் இரண்டு புகார்களுக்கு நடுவில் வருகிறது. வீட்டில் காத்திருந்ததைப் போலவே இங்கேயும் அவள் தன் முறைக்காகக் காத்திருக்கிறாள். நீங்கள் புதன்கிழமை மதியம் வாசலில் வந்து நின்றபோது, இரண்டு இரவுகளாக அவள் மனத்தில் வைத்திருந்த செய்தி உங்களுக்கு ஆறடி தூரத்தில் இருந்தது. அவள் மறைத்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சில் ஓர் இடைவெளி கிடைக்குமா என்று பார்த்தாள், கிடைக்கவில்லை.

அந்த அதிகாலையை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் ஏறுகிறது, மின்சாரம் இல்லை, நடக்கச் சிரமப்படும் ஆச்சியை ஒவ்வொரு படியாக மேலே ஏற்ற வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண் அதற்கு முன் மூன்று பொருள்களைப் பீரோவின் மேல் வைத்திருக்கிறாள். ஒன்று ஆச்சிக்கு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று உங்களுக்கு. தனக்கென்று எதையும் எடுக்கவில்லை. அதைப் பொறுப்பின்மை என்று நீங்கள் பெயரிட்டது தவறு. அதை அவளிடமே, சுற்றி வளைக்காமல், சொல்லிவிடுங்கள். பிறகு அவளை மற்றவர்கள் முன் புகழ்ந்து தள்ளவும் வேண்டாம். தன் தேவையைக் கடைசியில் வைப்பதுதான் நல்ல பிள்ளையின் இலக்கணம் என்று அவள் ஏற்கெனவே பாதி நம்பத் தொடங்கியிருக்கிறாள்.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள். சாவுத் தீட்டு உள்ள வீட்டில் இதைப் பேசக்கூடாது என்று அவர் காலத்தில் அவருக்குச் சொல்லப்பட்டதை, பிறர் வீட்டில் ஈரத் துணியுடன் உட்கார்ந்திருந்த வேளையில் பேத்திக்குச் சொன்னார். அந்த அறிவுரை தவறானது. ஆனால் வீட்டில் சண்டை இல்லாதிருந்தால் மகள் அதை மீறி உங்களிடம் வந்திருப்பாள் என்றே நினைக்கிறேன், ஏனெனில் நீங்கள் கேட்டபோது அவள் ஆச்சியின் பெயரைச் சொல்லவே இல்லை.

கணவரிடம் உங்கள் வேதனையைப் புரியவைக்கும் வழியைக் கேட்டீர்கள். இப்போதைக்கு அதை ஒத்திப்போடுங்கள். மகள் சொன்ன அந்த வாக்கியத்தை, எதையும் கூட்டாமல் குறைக்காமல், அவரிடம் சொல்லுங்கள். அது உங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. நீங்கள் மட்டும் சுமந்துகொண்டு, அதையும் அவர் மேல் ஒரு குற்றச்சாட்டாக மாற்றிவிடாதீர்கள்.

மகளுடன் தனியாக அமர்ந்து, அந்த இரண்டு நாட்கள் எப்படி இருந்தன, துணிக்கு என்ன செய்தாள், மாடி வீட்டு அம்மாள் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். முதல் ஓரிரண்டு ஆண்டுகள் மாதவிடாய் நாள் தவறி வருவது இயல்பு என்பதையும் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் அதையும் தனியாக வைத்துக்கொண்டு பயப்படுவாள்.

சித்திரைச் சடங்கைப் பொறுத்தவரை, நாத்தனாரின் வாயை அடைப்பதற்கு உங்கள் மகளைப் பட்டுப்பாவாடையுடன் மணையில் உட்காரவைக்க நினைப்பதை என்னால் ஆதரிக்க முடியாது. அவளிடம் கேளுங்கள். ஆசைப்பட்டாள் என்றால் மாடி வீட்டு அம்மாளையும் அழைத்து, வீட்டு அளவில், கடன் இல்லாமல் செய்யுங்கள். வேண்டாம் என்றால், அந்தப் பதிலை அம்பாசமுத்திரத்துக்குத் தொலைபேசியில் சொல்லும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள். அன்று துட்டி வீட்டில் பேசாமல் விட்ட வார்த்தையை அவர் அப்போது பேசட்டும்.