தேரியில் கிடைத்த கல்லுக்கு ‘கார்பன் டெஸ்ட்’ எடுக்கலாமா?

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மழைக்குப் பிறகு செம்மணல் மேடான தேரிக்காட்டில் என் மகன் கூரான சின்னக் கற்கள் பத்துப் பன்னிரண்டு பொறுக்கி வந்தான். ஐம்பதாயிரம் வருஷத்து அம்பு முனை, கார்பன் டெஸ்ட் எடுத்துச் சர்டிபிகேட் தருகிறேன், அப்புறம் நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். கரி, எலும்பு, மரம் என்று ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததற்குத்தான் கார்பனை வைத்து வயது சொல்லும் கணக்கு. கல்லுக்குக் கிடையாது. இலங்கையில் பாகியங்கல குகையின் எலும்பு அம்பு முனைகளுக்கு 48,000 ஆண்டு என்கிறார்கள். அந்த வயதுகூட முனைகள் கிடந்த மண்ணடுக்கின் கரித்துண்டுகளை வைத்து வந்ததுதான். உங்கள் கல் அப்படி அடுக்கில் இல்லை, மணல்மேல் கிடந்தது. தேரிக் கருவிகளுக்கு ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்வதும் சில ஆயிரம் ஆண்டுதான்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பிறை மாதிரி இருப்பது வெங்கச்சங்கல். வளைந்த முதுகைக் கொத்தி மழுக்கியிருக்கிறார்கள், நேர் விளிம்பு பிளேடு போல இருக்கிறது. நுண்கற்கருவிதான், அதாவது சின்னக் கல்லில் கொத்திச் செய்த பழங்காலக் கருவி, சந்தேகமில்லை. அந்த முதுகைப் பிசின் வைத்து அம்புத் தண்டில் ஒட்டுவார்கள். விதிவிலக்கு இங்கேதான். முதுகில் கறுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது பிசினாக இருக்கலாம், பிசின் மரத்திலிருந்து வந்தது, அதற்குக் கார்பன் கணக்கு செல்லும். தேரி மணலில் அது தங்குவது அபூர்வம். இருந்தாலும் கழுவாதீர்கள், பிரஷ் போடாதீர்கள், எண்ணெய் தடவவே தடவாதீர்கள், நகத்தால் சுரண்டியும் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள்.

சர்டிபிகேட் ஆசாமிகளை எனக்கு நன்றாகத் தெரியும். நேற்றுவரை அரிசியை இழுக்கும் என்று ஏமாற்றி ரைஸ் புல்லிங் கலசம் விற்றவர்கள், இன்றைக்குக் கல்லுக்கு வந்திருக்கிறார்கள். 1972 சட்டப்படி தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. போலீஸ் வந்தால் அவர் இருக்கமாட்டார், கல் உங்கள் வீட்டில் இருக்கும்.

மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதி, நகலை மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். மண்ணில் கிடைத்ததன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்குச் சொல்லவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ரூபாய்! இன்னும் அதை மாற்றவில்லை. நான் ஒருமுறை ஓர் அலுவலகத்துக்குக் கற்களோடு போனபோது, “சிலை இல்லையா, வெறும் கல்லா?” என்று திருப்பி அனுப்பினார்கள். அதனால் கடிதத்துக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

அதற்கு முன்னால், எந்த மேட்டில் எடுத்தான் என்று பையனிடம் கேட்டு இன்றைக்கே உறைமேல் எழுதிவிடுங்கள். ஆடிக் காற்று அடித்தால் அந்த மேடு அங்கே இருக்காது.