நோ-டீல் பிரெக்சிட்: நிஜமான ஆபத்தா, வெறும் பூச்சாண்டியா?

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் வெளியேறுவதுதான் நோ-டீல் பிரெக்சிட். அப்படி ஆனால் எல்லையில் லாரிகள் தேங்கி சாமான் வராது என்று பயம். என்னைக் கேட்டால் அது பூச்சாண்டிதான். ஆனால் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்குக் காட்டிய பூச்சாண்டியைப் பார்த்து அலறியது லண்டன்.

2019 தொடக்கத்தில் நான் கிழக்கு லண்டனில் இருந்தேன். பக்கத்து பிளாட்காரர் தக்காளி டின்னும் பாஸ்தாவுமாக அலமாரியை நிரப்பிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து மாமியார் போன் போட்டு, "அங்கே அரிசி கிடைக்காதாமே மாப்பிள்ளை?" என்றார். அரிசி நம்ம பக்கத்திலிருந்து வருகிறது அத்தை, அதற்கு ஒன்றும் ஆகாது, குளிர்காலத் தக்காளிதான் ஸ்பெயினிலிருந்து லாரியில் வரணும் என்றேன். தக்காளி இல்லையென்றால் புளியைக் கரைத்துக்கொள் என்று வைத்துவிட்டார்.

ஆனால் மருந்துக்கு அப்படி மாற்று கிடையாது. ஆறு வாரத்துக்குக் கூடுதல் கையிருப்பு வைக்கும்படி மருந்து கம்பெனிகளிடம் அரசே கேட்டிருந்தது. பிரதமர் தெரசா மே தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர், அது தயாராவது ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் என்று அவரே சொன்னார். "மோசமான ஒப்பந்தத்தைவிட ஒப்பந்தம் இல்லாததே மேல்" என்று 2017 ஜனவரியில் முழங்கியவரும் அவர்தான்!

நோ-டீலுக்கு யாரும் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைக்க வேண்டியதில்லை என்பதுதான் அதில் இருந்த வில்லங்கம். 2017 மார்ச் 29-இல் ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 50-ஆவது பிரிவின்படி விலகல் கடிதம் கொடுத்தாயிற்று, கெடு இரண்டு வருடம், அதற்குள் ஒன்றும் முடிவாகாவிட்டால் நோ-டீல் தானாக வாசலில் வந்து நிற்கும். மே கொண்டுவந்த ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 432-க்கு 202 என்று தூக்கி எறிந்தது. பிரிட்டனின் வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள எல்லையில் சோதனைச் சாவடி வராமல் தடுக்க அதில் வைத்திருந்த ஏற்பாடு அவருடைய கட்சிக்காரர்களுக்கே பிடிக்கவில்லை. சரி, வேறு என்னதான் வேண்டும் என்று எட்டு யோசனைகளை ஒரே நாளில் ஓட்டுக்கு விட்டார்கள், எட்டும் தோற்றன. அதில் நோ-டீலுக்கு விழுந்தது 160 ஓட்டு, எதிராக 400. எந்த வழிக்கும் பெரும்பான்மை இல்லாத சபையில், 400 பேர் வேண்டாம் என்ற வழி தானாகவே ஜெயித்துவிடும் நிலை. கெடுவை நீட்டிக்கக் கேட்கச் சொல்லும் சட்டம் ஏப்ரலில் 313-க்கு 312 என்று ஒரே ஓட்டில் தப்பித்தது.

மிரட்டல் எடுபட வேண்டுமென்றால் நாமும் தயார் என்று காட்ட வேண்டுமே! இங்கிலாந்தின் தென்கிழக்கில் கென்ட் பகுதியில் மான்ஸ்டன் என்று கைவிடப்பட்ட ஒரு விமான நிலையம். பிரான்ஸுக்குக் கப்பல் ஏறும் டோவர் துறைமுகத்தில் நெரிசல் வந்தால் லாரிகளை அங்கே நிறுத்திவைப்பதாகத் திட்டம். 2019 ஜனவரியில் அதற்கு ஒத்திகை. 150 லாரி எதிர்பார்த்து 89 வந்தன, ஒவ்வொன்றுக்கும் 550 பவுண்டு கூலி. டோவர் வழியாக அப்போது போய் வந்ததோ நாளைக்குச் சுமார் 10,000 லாரி. போதாக்குறைக்கு, சொந்தமாக ஒரு கப்பல்கூட இல்லாத கம்பெனிக்கு 1.38 கோடி பவுண்டுக்குக் கப்பல் ஒப்பந்தம் வேறு (அப்புறம் ரத்து செய்தார்கள்). இதையெல்லாம் பிரஸ்ஸல்ஸிலும் டிவியில் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்?

நஷ்டம் எதிராளிக்கும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டீல் இல்லையென்றால் உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி பிரிட்டனிலிருந்து ஒன்றியத்துக்குப் போகும் காருக்கு 10 சதவீத வரி, ஆட்டிறைச்சிக்கு 40 சதவீதத்துக்கும் மேல். வேல்ஸில் ஆடு வளர்ப்பவர்களின் ஏற்றுமதியில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்பார்களே, அந்தக் கணக்கு.

மேக்குப் பிறகு பிரதமராக போரிஸ் ஜான்சன் வந்து அதே மிரட்டலை இன்னும் உரக்கச் செய்தார், எதிர்த்து ஓட்டுப் போட்ட சொந்தக் கட்சி உறுப்பினர்கள் 21 பேரைக் கட்சியிலிருந்து வெளியேற்றினார், கடைசியில் ஒப்பந்தத்தோடுதான் 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியது. வர்த்தக ஒப்பந்தமும் 2020 டிசம்பர் 24 அன்று, விலகலுக்குப் பிந்தைய மாறுதல் காலத்தின் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது முடிவானது.

அதற்கு நான்கு நாள் முன்புதான் புதிய வகை கொரோனாவுக்குப் பயந்து பிரான்ஸ் எல்லையை மூடியிருந்தது. மூடியது 48 மணி நேரம். மான்ஸ்டனில் இந்த முறை ஒத்திகை இல்லை, ஆயிரக்கணக்கில் நிஜ லாரிகள். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்ட டிரைவர்களுக்கு கிரேவ்செண்ட் குருத்வாராவிலிருந்து சோறும் கொண்டைக்கடலைக் குழம்பும் போயிற்று.