டீக்கோப்பையில் ரசம் வந்தால்?

போன மாதம் இந்தப் பக்கத்தில், நம் தெருக்களில் முளைத்திருக்கும் புது மாதிரி உணவகங்களில் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள் என்று ஒரே ஒரு வரிதான் போட்டேன். வந்த கடிதங்களில் பாதி கோபம், கால்வாசி பில் போட்டோ. மீதியில் பதில் சொல்லக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் பிறந்தநாளுக்கு மகள் ஆழ்வார்பேட்டையில் ஒரு புது உணவகத்துக்கு அழைத்துப் போனாள். ரசம் டீக்கோப்பையில் வந்தது. தயிர்சாதம் என்று எலுமிச்சம்பழ அளவில் மூன்று உருண்டை, அதன் மேல் மாவடு ஐஸாம். நாலு பேருக்கு 4,200 ரூபாய். வீட்டுக்கு வந்து மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தேன். இது சாப்பாடா, ஏமாற்று வேலையா? மகளிடம் சொல்லவும் மனசு வரவில்லை.
(நங்கநல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்)

பதில்: மோர்சாதம் சாப்பிட்டதில் ஒரு தப்பும் இல்லை ஐயா, நானும் அப்படிப் படுத்திருக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை ரெண்டு தடவை படித்துப் பார்த்தேன். கோப்பை இருக்கிறது, உருண்டையின் அளவு இருக்கிறது, பில் இருக்கிறது. ருசி எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை! ரசம் நாக்கில் பட்டதும் மிளகு தொண்டையில் இறங்கியதா, சப்பென்று இருந்ததா? அந்த மாவடு ஐஸ் கரையக் கரைய, ஊறுகாய் ஜாடியின் அடியில் தேங்கி நிற்குமே, உப்பும் உறைப்பும் புளிப்புமாக ஒரு சிவப்புத் தண்ணீர், அது தயிர்சாதத்தில் இறங்கிய மாதிரி இருந்ததா? இருந்தது என்றால் அந்தச் சமையல்காரர் வேலை தெரிந்தவர். வெறும் ஜில்லென்று இருந்தது என்றால் உங்கள் கோபம் நியாயம்.

ரசம் என்றால் இப்படித்தான் என்று நாம் அடம்பிடிப்பதும் ரொம்பப் பழைய அடம் இல்லை. பல வீடுகளில் இன்றும் திவசச் சமையலில் மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, காரத்துக்கு மிளகுதான். ஏனென்றால் அந்த மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, ஐரோப்பியர்கள் கப்பலேறி வந்த பிறகுதான் நம் அடுப்படிக்குள் நுழைந்தன. மிளகு மாதிரி உறைக்கிற காய், அதனால் மிளகாய் என்று பெயர் வைத்து நம்மவர் ஆக்கிக்கொண்டோம். முதன்முதலில் தக்காளியைப் பிழிந்து ரசம் வைத்த மருமகளை அந்த வீட்டு மாமியார் என்ன கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் எனக்கு எழுதியதைத்தான் கேட்டிருப்பார்.

பசியோடு திரும்பியது வேறு விஷயம். இந்த மாதிரி இடங்களில் தட்டு சிறிசு, நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துக்கொள்கிற கணக்கு. நீங்கள் மீல்ஸ் சாப்பிடுகிற மனசோடு ஆளுக்கொன்று சொல்லியிருப்பீர்கள். அடுத்த தடவை நாலு பேருக்கு முதலில் மூன்று தட்டு மட்டும் சொல்லுங்கள், பிடித்தது எது என்று பார்த்துவிட்டு அதையே இன்னொன்று சொல்லுங்கள். முதலிலேயே எட்டு அயிட்டம் சொல்லிவிட்டு எதுவும் நினைவில் நிற்காமல் எழுந்து வருவதுதான் காசுக்குக் கேடு. மகளிடம் மறைக்க வேண்டாம். “ரசம் பிடித்தது, உருண்டை பிடிக்கவில்லை” என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள், அவளுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

கேள்வி: எது நிஜமான புதுமை, எது சும்மா ஷோ என்று மெனுவைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?
(பெரம்பூர் கல்லூரி மாணவர்)

பதில்: முழுசாக முடியாது தம்பி, ஆனால் மோப்பம் பிடிக்கலாம். மெனு ஒரே பக்கத்தில் முடிகிறதா, பாதி சந்தோஷம். சுஷியும் பாஸ்தாவும் கொத்து பரோட்டாவும் ஆந்திரா மீல்ஸும் பன்னிரண்டு பக்கத்துக்கு ஓடுகிறதா, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பெயருக்குக் கீழே ‘செஃப்பின் மாயாஜாலம்’ என்று எழுதியிருப்பதைவிட, நெத்திலிக் கருவாடு, வெண்ணெய், ஆப்பம் என்று எழுதியிருப்பதை நான் நம்புவேன்.

அந்தக் கருவாடு நான் கற்பனையில் சொல்வது இல்லை. மந்தைவெளிப் பக்கம் பழைய வீடு ஒன்றை மாற்றி இருபது பேர் உட்காருகிற மாதிரி செய்திருக்கிறார்கள், திண்ணையில் செருப்பு ஸ்டாண்டு, முற்றத்தில் மேஜை. அங்கே நெத்திலிக் கருவாட்டை வெறும் சட்டியில் முறுக வறுத்துப் பொடித்து, பூண்டும் கொஞ்சம் மிளகாய் வற்றலும் சேர்த்து வெண்ணெயில் குழைத்து வைத்திருக்கிறார்கள். சூடான ஆப்பத்தின் நடுப் பஞ்சில் அதை ஒரு கரண்டி வைத்துக் கொண்டு வந்தார் பரிமாறுகிற பெண். மேஜைக்கு வருவதற்குள் வெண்ணெய் இறங்க ஆரம்பித்துவிட்டது. ஓரத்து முறுகலைக் கிள்ளி நடுவில் தோய்த்தால், முதலில் வெண்ணெய், அப்புறம் பூண்டு, கடைசியில் எண்ணூர்ப் பக்கம் வெயிலில் காய்கிற அந்த வாசனை. பக்கத்து மேஜையில் ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார், அது அவர் இஷ்டம்.

ஏன் பொருந்துகிறது என்றால், ஜப்பானில் இக்கேடா என்ற வேதியியல்காரர் 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்துக் காட்டி ‘உமாமி’ என்று பெயர் வைத்த ருசி, இனிப்பு புளிப்பு மாதிரி தனி ருசி, இருக்கிறதே, அதில் கருவாடு கோடீஸ்வரன். ஜப்பான்காரர்களும் நெத்திலியைக் காயவைத்துத்தான் சூப்புக்குத் தண்ணீர் இறக்குகிறார்கள். வெண்ணெயின் கொழுப்பு அந்த ருசியைத் தூக்கி நாக்கு முழுக்கப் பூசிவிடுகிறது. ரெண்டும் ஒன்றுக்கொன்று வேலை செய்கின்றன.

அதே வாரம் இன்னொரு இடத்தில் சாம்பார் நுரை சாப்பிட்டேன். கரண்டியில் எடுத்தேன், வாயில் வைத்தேன், இல்லை. போய்விட்டது. கொஞ்சம் பெருங்காய வாசனை மட்டும் மீதி. சாம்பாருக்கு உயிரே துவரம்பருப்பின் கனம்தானே, அதை எடுத்துவிட்டு மிச்சத்தைக் காற்றில் அடித்தால் என்ன கிடைக்கும்? பொருளின் குணத்தைத் தெரிந்து மாற்றியது ஆப்பம், தெரியாமல் மாற்றியது நுரை.

இன்னொன்று, புதுமை என்றதும் ஏ.சி. அறைதான் என்று நினைக்காதீர்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ இன்றும் பீச் ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டியில் கையால் பிசையப்படுகிறது, நூடுல்ஸில் புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். சௌகார்பேட்டையில் ரெண்டு முறுக்குக்கு நடுவில் வெள்ளரி, தக்காளி, சட்னி, சீஸ் வைத்து முறுக்கு சாண்ட்விச் என்கிறார்கள். 1965இல் மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலில் பிறந்ததாக அவர்களே சொல்கிற சிக்கன் 65ஐ இன்றைக்கு யாராவது ஃப்யூஷன் என்று சொல்வார்களா?

கேள்வி: பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா? ஜி.எஸ்.டி. எவ்வளவு?
(வேளச்சேரி வாசகி)

பதில்: கட்ட வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே, சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. உணவகச் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த விதிமுறை செல்லும் என்றது. நீக்கச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் 1915க்கு அழைத்துப் புகார் செய்யலாம். சத்தம் போட வேண்டியதில்லை அம்மா, “இதை எடுத்துட்டு வேற பில் குடுங்க” என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். கேட்கக் கூச்சப்பட்டு நானும் ஒருமுறை கட்டினேன், வெளியே வந்து பரிமாறிய பையனிடம் விசாரித்தால் அதில் ஒரு ரூபாய்கூட அவன் கைக்கு வருவதில்லை என்றான். அதற்குப் பிறகு டிப்ஸை நேராகக் கையில்தான் கொடுக்கிறேன்.

தெருமுனை உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பில்லில் ரெண்டரை ரெண்டரையாகப் பிரித்துப் போட்டிருக்கும். பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18. கிண்டி கிராண்ட் சோழாவுக்குள் 2017இலிருந்து நடக்கிற அவர்தனா மாதிரி இடத்துக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்கள் மெனு விலையோடு அந்தப் பதினெட்டையும் மனசில் கூட்டிக்கொண்டு போகட்டும். விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டிவிடுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைகள் உங்களிடம் ஜி.எஸ்.டி. வாங்கவே கூடாது, அதையும் பில்லில் ஒரு கண் பாருங்கள்.

கேள்வி: மே மாதம் போனால் நாங்கள் ஆசைப்பட்ட வஞ்சிரம் ஐட்டம் ‘இன்று இல்லை’ என்றார்கள். மெனுவில் எதற்குப் போட வேண்டும்?
(அண்ணா நகர் வாசகர்)

பதில்: இல்லை என்று சொன்னவர்களைப் பாராட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று. அந்த நாட்களில் காசிமேட்டில் கிடைப்பது கரையோரம் போய்வரும் சின்னப் படகுகளின் மீனும், வெளியூரிலிருந்து ஐஸில் வருவதும்தான். மே மாதம் பெரிய வஞ்சிரத் துண்டை வருடம் முழுக்க விற்கிற விலைக்கே கொண்டுவந்து வைக்கிற கடையைத்தான் நான் சந்தேகப்படுவேன். மெனுவில் அடித்துத் திருத்தியிருக்கலாம், அது சோம்பேறித்தனம்.

கேள்வி: மாமியார் வெங்காயம் பூண்டு சாப்பிட மாட்டார். இந்த மாதிரி இடங்களுக்கு அழைத்துப் போகலாமா?
(மேற்கு மாம்பலம் வாசகி)

பதில்: முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போங்கள். சின்ன இடம் என்பதால் செய்து கொடுப்பார்கள், சில சமயம் மெனுவில் இல்லாததாகவே செய்வார்கள். உட்கார்ந்த பிறகு சொன்னால், எல்லா மசாலாவும் அரைத்து வைத்தாயிற்று, உங்கள் மாமியாருக்கு வெறும் அப்பளம்தான்.

கேள்வி: புகை கக்குகிற இனிப்பு ஒன்று வைத்தார்கள். ஆறு வயசுப் பையன் வாயில் போடப் போனான், எனக்குப் பயமாகிவிட்டது. பயப்பட வேண்டியதா?
(பெருங்குடி வாசகி)

பதில்: பயந்தது சரிதான் அம்மா. அது திரவ நைட்ரஜனாக இருந்தால் மைனஸ் 196 டிகிரி. முழுசாக ஆவியாவதற்குள் உள்ளே போனால் வாயும் தொண்டையும் வயிறும் வெந்த மாதிரிப் புண்ணாகும். 2024 ஏப்ரலில் கர்நாடகத்தில் ஒரு குழந்தை ஸ்மோக் பிஸ்கட் சாப்பிட்டுத் துடித்த வீடியோ பரவியதும், இங்கே தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையும் அப்படிக் கொடுக்கிற கடைகள் மேல் நடவடிக்கை எடுப்போம் என்று எச்சரித்தது. உலர் பனிக்கட்டியும் (டிரை ஐஸ், உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வாயில் போகக்கூடாத சரக்குதான். கண்ணாடி மூடிக்குள் மரப்புகை பிடித்து வைத்துத் திறக்கிறார்களே, அது வேறு, அடுப்புப் புகைதான், ஒன்றும் செய்யாது. எது என்று தெரியவில்லையா, “இது என்ன புகை?” என்று கேளுங்கள். பரிமாறுகிறவருக்கே தெரியவில்லை என்றால் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், பையன் அழுதாலும் பரவாயில்லை.

கேள்வி: காபி பிரஸ்ஸில் இலை தழைகளைப் போட்டு, மேஜையிலேயே ரசத்தை ஊற்றி அமுக்கிக் கொடுத்தார்கள். பிரமாதம்! வீட்டில் செய்ய முடியுமா?
(திருவான்மியூர் வாசகர்)

பதில்: தாராளமாக. அதன் சூட்சுமம் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்ததுதான். கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கொதித்தால் வாசனை பறந்துவிடும், அதனால்தான் ரசம் நுரை கூடியதும் இறக்கி, மேலே தூவி, தட்டைப் போட்டு மூடுகிறோம். பிரஸ் செய்வதும் அந்தத் தட்டின் வேலையைத்தான்.

ரசத்தை வைத்து அரை மணி நேரம் கலக்காமல் விடுங்கள், மண்டி கீழே தங்கும். மேலே இருக்கிற தெளிவை மட்டும் எடுத்து மறுபடி சூடு பண்ணுங்கள், கொதிக்க விடாமல் ஆவி வரும்போது நிறுத்துங்கள். பிரஸ்ஸில் காம்போடு ஒரு கைப்பிடி கொத்தமல்லி, கிள்ளிய கறிவேப்பிலை, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு சீரகம், நசுக்கிய ஒரு பல் பூண்டு. தெளிவை ஊற்றி மூடி மூன்று நாலு நிமிஷம் விட்டு மெதுவாக அமுக்குங்கள். டம்ளரிலேயே குடிக்கலாம், கோப்பை அவசியமில்லை. கீழே தங்கிய மண்டியைக் கொட்டிவிடாதீர்கள், சூடான சாதத்தில் நெய் விட்டுப் பிசைய அதுதான் லாயக்கு.

தினமும் காபி போடுகிற பிரஸ்ஸில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். நான் செய்தேன், மறுநாள் காலைக் காபியில் பூண்டு.