ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் வீட்ல மத்தவங்களுக்கு ஒட்டுமா?

ஒட்டாதுங்க, இது நுரையீரல்ல வர்ற ஒரு பூஞ்சைத் தொற்று. அண்ணனுக்கு இது வந்திருக்கு, வீட்ல கைக்குழந்தை இருக்கு, தனி ரூம்ல வைக்கணுமான்னு கேட்டிருக்கீங்க, இருமினாலோ தும்மினாலோ இது அடுத்தவங்களுக்குப் பரவாது.

வவ்வால் எச்சம், பறவை எச்சம் கலந்த மண்ணுலதான் இந்தப் பூஞ்சை வளரும். அதைக் கூட்டுறப்பவோ தோண்டுறப்பவோ கண்ணுக்கே தெரியாத வித்துங்க தூசியோட கிளம்பி மூச்சுல உள்ள போயிடும், உடம்புச் சூட்டுல ஈஸ்ட்டா மாறி நுரையீரல்ல உக்காந்துக்கும்.

காய்ச்சல் வர 3லருந்து 17 நாள் வரை ஆகும், அதனால அதுக்கு முந்தி பழைய கட்டடம், பரண் ஏதாவது சுத்தம் பண்ணாரான்னு கேட்டுப் பாருங்க. பண்ணியிருந்தா குழந்தைய அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க, காய்ஞ்ச எச்சத்த அப்படியே கூட்டவும் கூடாது.

ஆனா ஒண்ணு, எக்ஸ்ரேல இது டிபி மாதிரியே தெரியலாம், டிபி ஒட்டும். சளி டெஸ்ட்ல டிபி இல்லைன்னு உறுதி பண்ணிட்டாங்களான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அதுவரைக்கும் அவர் மாஸ்க் போட்டுக்கிட்டு குழந்தைகிட்ட இருந்து தள்ளியே இருக்கட்டும்.

இட்ராகொனசோல்ங்கிற பூஞ்சை மருந்து குடுத்திருந்தா காய்ச்சல் விட்டுடுச்சேன்னு நிறுத்திடாதீங்க (நிறைய பேர் இதைத்தான் பண்றாங்க), வாரக்கணக்குல எடுக்கணும். ஸ்டீராய்டு எடுக்கறவரா இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அவங்களுக்கு நுரையீரலத் தாண்டியும் பரவ சான்ஸ் ஜாஸ்தி.