கிண்ணத்தின் அடியில் இரண்டு வளையம்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். கியோட்டோ பக்கம் சாகே காய்ச்சும் ஆலைக்குப் போனால் ருசி பார்க்கக் கொடுப்பார்களாமே? எவ்வளவு குடிக்கலாம்? வாடகைக்குக் கார் எடுத்து நானே ஓட்டுவதாகத் திட்டம்.
– வாசகர், சேலம்

பதில்: எடுத்த எடுப்பில் அளவா! சரி, வருகிறேன். முதலில் 'காய்ச்சும்' என்ற வார்த்தையை அழித்துவிடுங்கள். காய்ச்சி வடிக்கும் சரக்குக்கு அங்கே ஷோச்சூ என்று தனிப் பெயர் உண்டு. சாகே, அரிசியைப் புளிக்கவைத்துப் பிழிந்து எடுக்கும் மது.

ஆவியில் வேகவைத்த அரிசியில் கோஜி என்னும் பூஞ்சணத்தை வளர்க்கிறார்கள். மாவுச்சத்தை அது சர்க்கரையாக்க, அதே தொட்டியில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டிப் போய்விடுகிறது. பிறகு தண்ணீர் விட்டு 15, 16க்கு இறக்குவார்கள். அதுவே பீரைப்போல மூன்று மடங்கு. டம்ளர் கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

அரிசியைத் தீட்டுவதை விசாரித்துப் பாருங்கள். தவிடு போனால் போதும் என்று நிறுத்துவதில்லை. டைகின்ஜோ என்ற உயர்ந்த ரகத்துக்கு மணியில் பாதியையாவது தேய்த்துத் தள்ளியாக வேண்டும். வயிறு எரிகிறதா? தள்ளிய மாவு வீணாவதில்லை, அரிசி பிஸ்கட்டுக்குப் போகிறது.

கியோட்டோ என்றால் சாகே ஆலைகள் உள்ள ஃபுஷிமி பகுதிதான். 1637-இல் தொடங்கிய கெக்கேய்கான் என்ற சாகே நிறுவனம், 1909-இல் கட்டிய பழைய ஆலையை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறது. பாரம்பரிய முறைக்குக் குளிர்காலமே பருவம். மே மாதத்தில் தொட்டி நுரைப்பதைப் பார்ப்பது கஷ்டம். மரத்தொட்டிகளையும் கருவிகளையும் பார்க்கலாம். சாகே ஆலைகளின் வாசலில் தேவதாரு இலைப்பந்து ஒன்று தொங்கும். புதுச் சாகே வந்ததும் பச்சையாகக் கட்டுவது, மாதங்கள் போகப் போகப் பழுப்பாகும். காலண்டரே வேண்டாம்.

இப்போது ருசி. அதற்கென்றே உள்ள வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தின் அடியில் இரண்டு நீல வளையங்கள் இருக்கும். வெள்ளையில் நிறம் தெரியும், நீலத்தின் விளிம்பில் கலங்கல் தெரியும். பார்த்துவிட்டு முகருங்கள். டைகின்ஜோவாக இருந்தால் வாழைப்பழமோ முலாம்பழமோ வாசனை எட்டிப் பார்க்கும். அரிசியில் இது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஈஸ்ட் செய்யும் வேலை. டைகின்ஜோவைச் சூடாக்கித் தரச் சொல்லி மானத்தை வாங்காதீர்கள், வாசனை பறந்துவிடும். ஒரு வாய் சாகே, ஒரு வாய் தண்ணீர். ருசி பார்த்துவிட்டுத் துப்பினாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அளவு கேட்டீர்களே? ஸ்டியரிங்கைப் பிடிப்பவருக்கு ஒரு சொட்டும் கிடையாது. அங்கே குடித்துவிட்டு ஓட்டினால் ஓட்டியவரோடு போகாது; ஊற்றிக் கொடுத்தவர், கார் கொடுத்தவர், தெரிந்தே கூட உட்கார்ந்து வந்தவர் வரை தண்டனை உண்டு. உங்கள் வீட்டம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காரை ஓட்டலிலேயே விட்டுவிட்டு கெய்ஹான் ரயிலில் சூஷோஜிமாவில் இறங்குங்கள். அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.